சூடத் தட்டைப் பிடித்தவர்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருஷமாக எனக்குள்ளேயே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. நோட்டு வாங்குவேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவேன். அதற்குக் கீழே ஒரு வரியும் எழுதாமல் பீரோவுக்குள் வைத்துவிடுவேன். இரண்டு நோட்டு அப்படிப் போயிற்று. மூன்றாவது நோட்டை என் மனைவி எடுத்துக் கோலப் புள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டாள். "நீங்க எழுதப் போறதில்ல. புள்ளையாரு எத்தினி நாளைக்குத் தனியா ஒக்காந்துனு இருப்பாரு" என்றாள்.

தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. நான் எழுதப்போவது என் முதலாளியைப் பற்றி. பதினெட்டு வருஷம் அவருடைய வீடியோ கேம் கம்பெனியில் வேலை பார்த்துத்தான் பிள்ளைகளை வளர்த்தேன். அவர் இப்போது உயிரோடு இல்லை. நான் ஒன்று சொன்னால் அவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. நானோ எட்டாவதோடு நின்றவன். அதனால் காலையில் குளித்து, விளக்கேற்றி, விபூதி வைத்துக்கொண்டு உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பொய் ஒன்று கலந்தால் அந்த இடத்திலேயே கை நின்றுபோகட்டும் என்று அம்மனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை நிற்கவில்லை.

1993இல் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் முதலாளி டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் என் பொறுப்பு. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் மெட்ராஸிலிருந்து லாரியில் இரண்டு கேம் மெஷின் வந்து இறங்கியது. பீரோ உயரத்துக்கு மரப்பெட்டி, நடுவில் டிவி, கீழே ஒரு ஸ்டிக், நாலைந்து பட்டன். இரண்டும் யாரோ ஓட்டிக் கழித்துப் போட்டது. ஒன்றில் படமே வரவில்லை. முதலாளி பின்பக்கத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"டிவிதான்டா இது. டிவிக்கு ஒரு வேட்டியக் கட்டி வுட்டுக்கிறான், அவ்ளோதான்."

சாதாரண டிவி டியூபைப் பொருத்தி மூன்று நாளில் படத்தை வரவைத்துவிட்டோம். ஜங்ஷனில் ரயில் மாறுவதற்காக இறங்கி மணிக்கணக்கில் காத்துக் கிடப்பவர்கள்தான் எங்கள் முதல் வாடிக்கை. பிறகு காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள். பிறகு கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்த குடும்பம்கூட வந்தது. அந்த தீபாவளிக்குள் முதலாளி டிவி ரிப்பேரை நிறுத்திவிட்டார்.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் திறந்து ஊதுவத்தி காட்டியதும் முதல் டோக்கனை முதலாளி தன் கையால் போடுவார். போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பார். அந்த ஆட்டத்தை யாரும் தொடக்கூடாது. விமானம் தானாகப் பறக்கும், எதிரி சுடுவான், மூன்று உயிரும் போகும், ஆட்டம் முடியும். அதற்குச் சாமி ஆட்டம் என்று பெயர். அதற்குப் பிறகுதான் வாடிக்கைக்காரர் கை வைக்கலாம். பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்குக் கை துறுதுறுக்கும். ஒரு காலேஜ் பையன் பொறுக்க முடியாமல் கேட்டான்.

"சாமிக்கு சுடவே தெரிலயேணா."

"சாமி எதுக்குடா சுடணும்? அது தோத்துட்டுப் போவுது. நீ ஜெயி" என்றார் முதலாளி.

இந்த மாதிரிப் பேச்சுக்காகவே எனக்கு அவரைப் பிடித்தது. தொழிலைச் சாமிக்குக் கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்கிற மனுஷன் என்று நம்பினேன்.

மெஷின்களை வெளியிலிருந்து வாங்குவதும் நின்றது. பிளைவுட்டை அறுத்து, மேலே சன்மைக்கா ஒட்டி, உள்ளே வைக்கும் சர்க்யூட் போர்டை மட்டும் மெட்ராஸில் வாங்கி, நாங்களே செய்ய ஆரம்பித்தோம். திண்டிவனத்தில் இரண்டாவது கடை வந்தது. அனந்தபுரம் சந்தைக்குப் பக்கத்து டீக்கடையில் ஒன்று, கண்டமங்கலத்தில் இரண்டு என்று வெளியிலும் வைத்தோம். நாங்கள் எட்டுப் பேர். வாரத்தில் மூன்று நாள் தோளில் டூல்ஸ் பையோடு நான் பஸ்ஸில்தான் இருப்பேன். பட்டனுக்கு அடியில் பிசுக்கு, ஸ்டிக்கில் ஸ்பிரிங் உடைந்தது, போர்டில் சால்டரிங் விட்டது என்று ஒவ்வொரு ஊரிலும் ஒன்று காத்திருக்கும். எந்த மெஷின் எந்த ஊரில் எப்படி இருமும் என்பது எனக்குத் தெரியும்.

அந்த எட்டுப் பேரில் ஒருவர், பெட்டி அடிப்பவர், 1999 வாக்கில் சொல்லாமல் கொள்ளாமல் விலகித் திண்டிவனத்தில் சொந்தக் கடை போட்டுவிட்டார். எங்கள் கடைக்கு எதிர்ச்சாரியில். எங்கள் பெட்டியின் அளவு, எங்கள் சன்மைக்கா நிறம், எல்லாம் அப்படியே. முதலாளி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு வேன் பிடித்து மீதமிருந்த ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு பெருமுக்கல் மலைக்குப் போனார். எதற்கென்று சொல்லவில்லை.

மேலே சந்நிதியில் அர்ச்சனை முடிந்தது. வெளியே வந்து பாறை மேல் எங்களை வரிசையாக நிறுத்தினார். பையிலிருந்து ஒரு பித்தளைத் தட்டை எடுத்தார். அதில் ஏழு சூடத்தை வைத்து ஏற்றினார். காற்றில் அணையாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி எங்களைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"எவனையும் கட்டாயப்படுத்தல. மனசு இருக்கறவன் பண்ணுங்க. நாம ஒரு குடும்பம்னு நெனைக்கிறவன் பண்ணுங்க."

எங்கள் பக்கத்தில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தால் அது வெளியே எழுதிக் கையெழுத்துப் போடுவதைவிடப் பெரிது. வார்த்தையையும் அவரே சொல்லிக் கொடுத்தார். இந்தக் கம்பெனியை விட்டு வேறு எங்கேயும் கேம் மெஷினில் கை வைக்க மாட்டேன், என் கை உள்ளவரை. முதலில் அணைத்தது நான். உள்ளங்கையில் சுட்டது. அந்தச் சூட்டில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏழு பேரும் முடித்தோம். இறங்கி வந்து திண்டிவனத்தில் வயிறார மத்தியான சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். இலையில் அவரே பரிமாறினார்.

நாலைந்து வருஷம் கழித்து ஒருவர் என் வீட்டைத் தேடி வந்தார். பாண்டிச்சேரியில் பெரிய கடை ஒன்றில் ஒரு மாடி முழுக்க கேம் வைக்கப் போகிறாராம். என் வேலையைக் கண்டமங்கலத்தில் பார்த்திருக்கிறார். தலைமை மெக்கானிக்காக வரச் சொன்னார், தங்குவதற்கு வீடும் கொடுப்பதாகச் சொன்னார். நான் சத்தியத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனுஷன், கேலி செய்யவில்லை, காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கேலி செய்ய வீட்டில் ஆள் இருந்தது.

"மெத்த வூடுங்க. கொழா தண்ணி. இவரு சூடத்த அணைச்சிட்டு வந்துட்டாராம்."

"சாமி முன்னால சொன்னதுடீ."

"வூடு குடுக்க வந்தவர சாமிதான கூட்டியாந்தும் வுட்டுதே. அது தெரிலயா?"

ஒரு வாரம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பெருமைக்குத்தான் சொன்னேன், மறைக்கவில்லை. அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்து, "உன்ன மாதிரி ஒருத்தன் போதும்டா எனக்கு" என்றார். அந்த வார்த்தை மெத்தை வீட்டைவிடப் பெரிதாக இருந்தது எனக்கு.

2006 வாக்கில் முதலாளியின் மகன் மெட்ராஸில் படிப்பை முடித்து, கம்ப்யூட்டர் கம்பெனியில் இரண்டு வருஷம் வேலையும் பார்த்துவிட்டு, ஊருக்கு வந்தான். நான் தம்பி என்பேன், அவன் அண்ணா என்பான். வந்த மாதமே அப்பாவை உட்கார வைத்துச் சொன்னான்.

"பொட்டி மிஷினெல்லாம் முடிஞ்சுபோச்சுப்பா. வீட்டுக்கு வீடு கேம் வந்துக்கினு இருக்குது. நம்ம கடைக்கு எதுக்கு வருவான்? ஏசி போடணும், சோபா போடணும், பெரிய டிவி வச்சு மணி கணக்குல வுடணும். இல்லனா ஷட்டர இறக்கிடுங்க."

முதலாளி முறைத்தார். மூன்று மாதம் அப்பனும் மகனும் ஒருவரிடம் ஒருவர் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "அவன்கிட்ட சொல்லு, இது நான் கட்டுன கடை." "அப்பாகிட்ட சொல்லுங்கணா, கட்டுன கடையிலயே சமாதியும் கட்டிக்கச் சொல்லுங்க." நான் இரண்டையும் பாதியாக்கிக் கொண்டுபோவேன்.

இந்த இடத்தில் படிப்பவர்கள் ஒன்று நினைப்பீர்கள். பழைய மெஷினை உடைத்தபோது நான் அழுதிருப்பேன், புதுசு பிடிபடாமல் தடுமாறியிருப்பேன் என்று. அப்படி இல்லை. பிளைவுட்டைக் கழற்றி விறகுக்குப் போட்டவர்களில் நானும் ஒருவன். தம்பி சொன்னது நியாயம் என்று எனக்கே தெரிந்தது. பத்து வருஷம் அலைந்த ஊர்களில் டீக்கடை மெஷின் மேல் பன் மூட்டையை வைத்திருந்ததைப் பார்த்தவன் நான்தானே. முதலாளியிடம் தம்பிக்காகப் பேசியதும் நான்தான். "புள்ள சரியாத்தான் சொல்லுதுங்க. குடுத்துப் பாருங்க" என்று. அந்த வருஷத்தின் ஆயுத பூஜை அன்று முதலாளி கல்லாச் சாவியைச் சாமி படத்தின் முன் வைத்து எடுத்து மகன் கையில் கொடுத்தார். "இனிமே தம்பி சொல்றதுதான்" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். தீபாராதனை காட்டியது நான்.

ஆடுபவர் கையில் பிடிக்கிற புது ரிமோட்டை முதல் முதலாகத் திறந்தபோது உள்ளே இருந்த திருகாணி கடுகளவு. இரண்டு தடவை தொலைத்தேன். பிறகு கீழே வெள்ளை வேட்டி விரித்து உட்கார்ந்து வேலை பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஸ்டிக் தானாக ஒரு பக்கம் இழுத்தால் எந்த இடத்தைத் துடைக்க வேண்டும், டிஸ்க் ஓடாவிட்டால் லென்ஸை எப்படிப் பஞ்சால் ஒற்ற வேண்டும், எல்லாம் ஒரு வருஷத்தில் கைக்கு வந்துவிட்டது. மெட்ராஸுக்கு அனுப்பினால் பதினைந்து நாள் ஆகிறதை நான் ஒரு மத்தியானத்தில் முடித்துக் கொடுப்பேன்.

சாமி ஆட்டத்தில் மட்டும் ஒரு சிக்கல் வந்தது. தம்பி முதல் நாளே சொல்லிவிட்டான்.

"அண்ணா, இதுல டோக்கன் கெடயாது. பட்டன் அமுத்தாம ஆட்டமே ஆரம்பிக்காது. உங்க சாமிய வந்து அமுத்தச் சொல்லுங்க."

"நான் அமுத்திட்டு ரிமோட்ட கீழ வச்சிடறேன் தம்பி."

"கிரிக்கெட்டுணா. ஆள் நின்னுக்கினே இருப்பான். பத்து பால்ல பத்து விக்கெட்டு."

"போவட்டும். சாமி டக் அவுட் ஆனா இன்னா."

விழுந்து விழுந்து சிரித்தான். தடுக்கவில்லை. தினமும் காலையில் சாமி டக் அவுட் ஆகிவிட்டுப் போகும், பிறகு கடை நடக்கும். நாலு வருஷம் நன்றாகவே நடந்தது. அப்பாவின் கம்பெனி பிள்ளையின் கம்பெனியாக மாறியதில் உடையாமல் வந்த ஒரே பழைய சாமான் நான்தான் என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

2011இல் ஒரு திங்கட்கிழமை காலை, சாமி ஆட்டம் முடிந்ததும், தம்பி என்னை உள் அறைக்குக் கூப்பிட்டான். மேஜை மேல் ஒரு கவர் இருந்தது.

"மெட்ராஸ்ல ஒரு பார்ட்னர் சேர்றாருணா. இன்னும் மூணு ஊர்ல தொறக்கப் போறோம். சர்வீஸெல்லாம் அவங்க ஆளே பார்த்துக்குவாங்க. பழைய ஆளுங்க வேணாம்னு சொல்றாரு."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். மொதல்ல நீங்க."

"நான் ஏன் தம்பி மொதல்ல?"

அவன் என் முகத்தைப் பார்க்காமல் கவரை இப்படியும் அப்படியும் திருப்பினான். ஒன்று சொல்ல வேண்டும், அவனுக்குப் பொய் பேச வராது.

"அப்பாதாணா சொன்னாரு. நான் உங்கள கடைசியா வச்சுக்கலாம்னுதான் சொன்னேன். அவருதான், 'மொதல்ல அவன அனுப்பு. அவன் சாமி கும்புடறவன், சத்தம் போட மாட்டான். அவனே பேசாம போய்ட்டான்னா மத்தவனுங்க வாயத் தொறக்க மாட்டானுங்க'ன்னாரு."

நான் சத்தம் போடவில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு அவமானமாக இருக்கிறது. அவர் சொன்னபடியே கவரை எடுத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டு, டூல்ஸ் பையோடு வெளியே வந்தேன். அடுத்த ஒரு மாதத்தில் மற்ற ஆறு பேரும் அப்படியே போனார்கள். அவர் கணக்குத் தப்பவில்லை.

முதல் வாரம் முழுக்க எனக்கு ஒரே எண்ணம்தான். வேலை போனது போகட்டும், கையில் தொழில் இருக்கிறது. ஆனால் அந்தக் கையில்தான் சத்தியமும் இருக்கிறது. கம்பெனியே என்னை அனுப்பிவிட்ட பிறகு அந்தச் சத்தியம் நிற்குமா, நிற்காதா? வாங்கிக்கொண்டவர் வாயால் 'விட்டேன்' என்று சொன்னால் தீர்ந்தது. அதைக் கேட்க முதலாளி வீட்டுக்குப் போனேன். ஈஸி சேரில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா, ஒக்காரு. சாப்டியா?" என்றார், ஒன்றும் நடக்காத மாதிரி.

"சாப்டங்க. ஒன்னு கேக்கணும். மலையில சூடம் அணைச்சோமே, அதுலருந்து என்னை வுட்டுடுங்க. வேற எடத்துல வேலை பார்க்கணும்."

பேப்பரை மடித்தார். "எங்க, திண்டிவனத்தாங்கிட்டயா?"

"எங்கனா. புள்ளைங்க படிக்குதுங்க."

"அதெப்படிடா வுட முடியும். சாமிக்குப் பண்ண சத்தியம். நான் யாரு வுடறதுக்கு?"

"நாம ஒரு குடும்பம்னு சொல்லித்தானே பண்ணோம். நீங்களும் எங்கள வுட மாட்டேன்னுதானே..."

"நான் எப்ப சொன்னேன்? சத்தியம் பண்ணது நீங்கடா. நான் தட்டுதானே புடிச்சினு இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. புரியாத பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். அந்த ஈஸி சேருக்கு எதிரில் நின்றபடியே பாறை மேல் நடந்ததைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான். ஏழு சூடம், ஏழு கை. அவருடைய இரண்டு கையும் தட்டுக்கு அடியில். தட்டைப் பிடித்திருப்பவரும் எங்களோடு சேர்ந்து சத்தியம் செய்கிறார் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. ஏழு பேரும் நினைத்துக்கொண்டோம். கோயிலில் தீபாராதனை காட்டுகிறவருக்கும் சேர்த்துத்தானே கும்பிடுகிறோம், அந்தப் பழக்கம்.

மற்ற ஆறு பேரும் இந்தக் கேள்விக்குள் போகவே இல்லை. அவர்களில் இரண்டு பேர் திண்டிவனத்து எதிர்ச்சாரிக் கடையிலேயே சேர்ந்துவிட்டார்கள். டீக்கடையில் என்னைப் பார்த்ததும் ஒருத்தன் எழுந்து வணங்கினான். "வந்துட்டாருப்பா சாமியாரு. எடம் வுடுங்க." பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு தேங்கா ஒடச்சி, ஒரு நெய்வெளக்கு ஏத்து. சாமி புரிஞ்சுக்கும். நாங்கெல்லாம் ஏத்தியாச்சு" என்றான். சாமி புரிந்துகொள்ளும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சொன்ன சொல்லைத் தேங்காயால் அழிக்கிற மனசு எனக்கு வரவில்லை. அது பக்தியா, பயமா, வறட்டுப் பிடிவாதமா என்று கேட்டால் இன்றும் பதில் தெரியாது.

திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி ஒன்றில், வேர்க்கடலை மூட்டைக்குச் சாக்குத் தைக்கிற வேலைக்குப் போனேன். கோணி ஊசி, சணல் நூல். தினமும் பஸ்ஸிலிருந்து இறங்கி அந்த எதிர்ச்சாரிக் கடையைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். பழைய பெட்டி அடிப்பவர் இப்போது அங்கே முதலாளி. வாசலில் நின்றுகொண்டு கூப்பிடுவார்.

"யோவ், ரிமோட்டு குமிஞ்சி கெடக்குதுய்யா. ஒரு மணி நேரம் ஒக்காந்துட்டுப் போ. சாக்கு எங்க போயிடப் போவுது?"

"வேணாங்க."

"அந்த ஆளு உன்ன தொரத்தி வுட்டுட்டான். நீ அவன் தோட்டத்துக்குக் காவ காத்துக்கினு கெடக்கற."

அவர் சொன்னது தப்பில்லை. காலையில் நடக்கும்போது அந்தக் கடை இருக்கும் பக்கம் தலையைத் திருப்பாமல் போகப் பழகினேன்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு விழுப்புரம் போய் முதலாளியிடம் அதே வரத்தைக் கேட்டேன். ஒரு வருஷம் 'பார்க்கலாம்' என்றார். ஒரு வருஷம் 'தம்பிக்கு எதிரா போயிடுவ' என்றார். ஒரு வருஷம் மறந்துவிட்டது போல என்னென்னவோ பேசி அனுப்பினார். என் மனைவி கடைசியில் கேலி செய்வதையும் நிறுத்திவிட்டாள். கேலி நின்றதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

2014 வாக்கில் அவர் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தது. பார்க்கப் போனேன். படுத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீதான்டா எனக்கு மொத ஆளு" என்றார். அந்த நேரத்தில் கேட்பது பாவமா என்று யோசித்துத்தான் கேட்டேன். "ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வுட்டேன்னு." கையை விடாமலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு விளங்கவில்லை. விட்டுவிட்டால் எனக்கு அவர் செய்தது தப்பு என்று ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். இரண்டு வருஷம் படுக்கையிலேயே இருந்து இறந்துபோனார். சொல்லாமலே போய்விட்டார்.

கருமாதிக்குப் போனேன். தம்பி மொட்டை அடித்து நின்றான், அந்தக் கோலத்தில் அப்பாவைப் போலவே இருந்தான். பந்திக்கு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டும் போனில் பேசிக்கொண்டும் இருந்தவன் என்னைக் கண்டதும் வந்தான்.

"எங்கணா இருக்கீங்க இப்ப? யார்கிட்ட வேலை பார்க்கறீங்க?"

"மண்டியில தம்பி. சாக்கு தைக்கறேன்."

"ஏன்ணா, உங்க கைக்கு திண்டிவனத்துலயே அள்ளிக்கினு போவானுங்களே?"

அப்போதுதான் தெரிந்தது, அவனுக்கு ஒன்றுமே தெரியாது. மலை, தட்டு, பொங்கலுக்குப் பொங்கல் நான் வந்து கேட்டது, எதுவும் அப்பா சொல்லவில்லை. நான் சுருக்கமாகச் சொன்னேன். அவன் நெற்றியைச் சுருக்கிக் கேட்டான். உள்ளேயிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "தோ வர்றேன்" என்று குரல் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அப்பாவோட கடை எனக்கு வந்துச்சு, வீடு எனக்கு வந்துச்சு. அப்ப உங்க சத்தியமும் எனக்குத்தானே வந்திருக்கணும்? நான் வுட்டுட்டேன்ணா. எங்க வேணா போய் வேலை பாருங்க. இதுக்கா இத்தினி வருஷம் சாக்கு தெச்சீங்க?"

போய்விட்டான். மொத்தம் அரை நிமிஷம் இருக்கும். அவன் சொன்னது செல்லும் என்றுதான் எனக்குப் பட்டது. நான் சத்தியம் செய்தது கம்பெனிக்கு; கம்பெனி இப்போது அவனுடையது. நின்ற இடத்திலேயே கை கூப்பினேன். பந்தியில் உட்காரவும் உட்கார்ந்தேன். இலையில் சோறு விழுந்தது, கை அதற்குள் போகவில்லை. அரை நிமிஷத்தில் கொடுக்கக்கூடிய ஒன்று. அதைத்தான் அவர் ஐந்து வருஷம் எனக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார். பெரிதாக எதையாவது பறித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன் போலிருக்கிறது.

அடுத்த வாரமே எதிர்ச்சாரிக் கடையில் போய் உட்கார்ந்தேன். வேட்டி விரித்து ஒரு ரிமோட்டைத் திறந்தேன். கோணி ஊசி பிடித்துத் தழும்பேறிய விரலுக்குக் கடுகளவு திருகாணி தட்டுப்படவே இல்லை. இப்போது வாரத்தில் இரண்டு நாள் அங்கே போகிறேன், மற்ற நாள் மண்டி. பத்தில் நாலு ரிமோட் சரியாகிறது.

எழுதிவிட்டேன். இவ்வளவு நாள் கழித்து எழுத ஒரு காரணம் உண்டு. இந்தக் கதை என் காது படவே இரண்டு விதமாக நடமாடுகிறது. 'பக்தித் திமிரில் அவனே வேலையை விட்டுப் போனான்' என்று கம்பெனியில் சொல்கிறார்களாம். 'அவன் வயிறெரிந்தான், சாமி அந்த ஆளைக் குளியலறையில் தள்ளிவிட்டது' என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இரண்டும் பொய். நானாகப் போகவில்லை, அனுப்பினார்கள். அவரை யாரும் தள்ளவில்லை. தரை ஈரம், அவருக்கு வயசு. என் மனசில் எரிச்சல் இருந்தது, ஆனால் ஒரு நாளும் அவருக்குக் கெடுதல் வேண்டிக்கொண்டதில்லை. அவர் எனக்குப் பரிமாறிய சோறும் உண்மை, சுவர்ப் பக்கம் திரும்பிய முகமும் உண்மை. படித்தவர்கள் யாருக்காவது சொல்வதென்றால் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். என்னை நல்லவனாக்க ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம், அவரைக் கெட்டவராக்கவும் ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம். நான் வைத்தது வைத்தபடி அடுத்தவர் கைக்குப் போகட்டும்.